திருகு கிட்டாரும் வத்தல் காரமும்

எங்கள் வீட்டில் நான் ஒருவன் மட்டும் கரண்டியால் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ சீமைக்குப் போய் வந்த பவுசு என்று நினைத்துவிட வேண்டாம். விருதுநகரைத் தாண்டி மதுரைக்குப் போவதென்றாலே என்னைப் பெற்ற அத்தாவிடம் காரணம் சொல்லிவிட்டுப் போகிற ஆள் நான். கரண்டிக்குக் காரணம் கிட்டார்.

எங்களுக்கு மிளகாய் வத்தல் மண்டி. பகலில் மண்டி, சாயங்காலமானால் மெல்லிசைக் குழுவில் கிட்டார். எனக்கு இடது கைப் பழக்கம். சோறு தின்பதையும் வியாபாரிக்குச் சரக்குக் காட்டுவதையும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இடது கைதான். அதனால் கிட்டாரின் கம்பிகளை மாற்றிக் கட்டி, இடது கையால் மீட்டி, வலது கை விரல்களால் அழுத்துவேன். அழுத்துகிற விரல் நுனியைத்தான் கம்பி அறுக்கும். மறுநாள் காலையில் வியாபாரி வந்து நிற்பார். சாக்குக்குள் வலது கையை விட்டு அடி வத்தலை அள்ளிக் காட்ட வேண்டும். விரல் வெடிப்புக்குள் காரம் இறங்கும்போது சிரித்த முகமாக விலை பேச வேண்டும். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதை நான் ஞாயிறு தவிர எல்லா நாளும் அனுபவித்தேன். கையுறை போட்டுப் பார்த்தேன். சரக்கில் ஏதோ கோளாறு போல, அதுதான் பாய் கையை மறைக்கிறார் என்று வந்தவர் பக்கத்து மண்டிக்குப் போய்விட்டார்.

மத்தியானம் சோற்றில் சூடான ஆனத்தை, மற்ற வீடுகளில் குழம்பு என்பார்களே அதை, ஊற்றிப் பிசைந்தால் உயிர் போகும். அப்படித்தான் கரண்டி வந்தது. என் மனைவிக்கு அது பிடிக்கவே இல்லை.

“ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கிறவுக சாப்பிடுற மாதிரி இருக்கு. இம்புட்டு ருசியா மீன் ஆனம் வச்சு என்ன பிரயோசனம்?” என்பாள்.

தோல் டாக்டர் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒண்ணு வத்தல விடுங்க, இல்ல கிட்டார விடுங்க. ரெண்டும் ஒரே கையில ஆகாது” என்று முடித்துவிட்டார். வத்தலை நான் விட்டால் அத்தா என்னை விட்டுவிடுவார். அப்படியானால் கிட்டாரைத்தான் விட வேண்டும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தபோது கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. கல்யாணமான ஆம்பிளை, மண்டிக்காரன், நடுரோட்டில் அழலாமா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மெல்லிய கம்பி போட்டும் பார்த்தேன். விரலுக்குச் சுகமாகத்தான் இருந்தது, ஆனால் கிட்டாரின் மரப் பெட்டி காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் மாதிரி ஈனஸ்வரத்தில் பேசியது.

செல்போன் எல்லார் சட்டைப் பையிலும் ஏறத் தொடங்கியிருந்த காலம் அது. சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மச்சினன் லீவில் வரும்போது, அக்கா போனில் புலம்பியதைக் கேட்டுவிட்டு ஒரு கிட்டார் வாங்கி வந்தான். இடது கைக்காரர்களுக்கென்றே செய்தது, கடை கடையாய் ஏறி இறங்கித் தேடினானாம். அதில் ஒலி வருவதற்கு ஓட்டையே இல்லை. ஒவ்வொரு கம்பியின் அதிர்வையும் தனித்தனியாக வாங்கி, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் சில்லு அதை வேறொரு கிட்டாரின் குரலாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பும். அதன் உடம்பில் இருந்த திருகை ஒரு தடவை திருப்பினால் மரக் கிட்டார். இன்னொரு திருகில் பன்னிரண்டு கம்பிக் கிட்டார். இன்னும் கொஞ்சம் போனால் சிதார் சாயல்கூட வந்தது. எனக்கு முக்கியமானது வேறு. கம்பி மெல்லியது, கிட்டாரின் கழுத்துக் கட்டையை ஒட்டிக் கிடந்தது, பூப்போல அழுத்தினால் போதும். குரல் சில்லின் பொறுப்பு என்பதால் கம்பி மெலிந்தாலும் சத்தம் மெலியவில்லை.

மனைவியை அடுப்படியில் நிற்க வைத்துவிட்டு, பழையதையும் புதியதையும் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றி வாசித்தேன். எது பழையது என்று கேட்டேன். ஒரு தடவைகூடத் தப்பாமல் சொன்னாள். எனக்கு முகம் தொங்கிவிட்டது. சத்தத்தில் அவ்வளவு வித்தியாசமா என்றேன்.

“சத்தம் எனக்கு ஒண்ணும் தெரியல. பழசுன்னா நீங்க ‘ஸ்ஸு ஸ்ஸு’ன்னு மூச்சு விடுறீக. புதுசுல விடல” என்றாள்.

அவளுக்குத் தெரியாத ஒரு வித்தியாசம் எனக்குத் தெரியும். மரக் கிட்டார் விலாவில் அதிரும். சாய்ந்து வாசித்தால் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ முணுமுணுப்பது போல இருக்கும். புதியது மடியில் கிடக்கிற பலகை. அதன் பாட்டெல்லாம் தூரத்து ஸ்பீக்கரில்தான் நடந்தது.

எங்கள் குழுத் தலைவருக்கு அதைக் கண்டதும் ஆகவில்லை. பருப்பு மில்லில் வேலை, குழுவில் கீபோர்டு. திருகு கிட்டார் என்று பெயர் வைத்தார். “நிமிசத்துக்கு ஒரு குரல்ல பேசுறவன எப்புடிலே நம்புறது?” என்று கேட்டார். அவருடைய கீபோர்டு புல்லாங்குழலாகவும் வயலினாகவும் ஷெனாயாகவும் பேசும். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். அடுத்த கச்சேரிக்கு அதைக் கொண்டு வா. கிட்டார் சத்தம் ஒரு மாதிரி இருக்கே என்று சனத்தில் ஒருத்தர் சொன்னாலும் சரி, அத்தோடு நீ வீட்டில் இரு, கிட்டாரையும் நானே கீபோர்டில் வாசித்துக்கொள்கிறேன்.

அடுத்த கச்சேரி எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆயுத பூஜை. வாசலில் வாட்ச்மேன் எங்கள் செல்போன்களையும் தீப்பெட்டிகளையும் வாங்கி வைத்துக்கொண்டார். வேலைக்கு நுழைகிறவர்கள் உடம்பில் தேங்கிய மின்சாரம் தரையில் இறங்குவதற்காகத் தொடுகிற செப்புத் தகட்டை எங்களையும் தொடச் சொன்னார். நாங்கள் உள்ளே போகவில்லை, மேடை வெளியே பொட்டலில் இருக்கிறது என்றோம். “தொட்டா கொறஞ்சா போயிருவீக?” என்றார். தொட்டோம். உள்ளே அன்றைக்கு வேலையே கிடையாது. அறைகளைக் கழுவிவிட்டு, பித்தளைச் சாமான்களுக்குச் சந்தனம் வைத்திருந்தார்கள். வெடிமருந்து ஒரு சிட்டிகைகூட வெளியில் இல்லை.

வெயில் தாழ்ந்ததும் ஆரம்பித்தோம். பெண்கள் முன்னால் பாய் விரித்து, பிள்ளைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் பாட்டைவிட முகங்களைத்தான் பார்த்தேன். யாராவது முகம் சுளிக்கிறார்களா, பக்கத்து ஆளிடம் ஏதாவது சொல்கிறார்களா என்று தேடினேன். தலையாட்டினார்கள், தாளம் போட்டார்கள். மரக் கிட்டார், பன்னிரண்டு கம்பி, திரும்பவும் மரக் கிட்டார் என்று திருகித் திருகி வாசித்தேன். யாரும் சந்தேகப்படவில்லை. கொஞ்சம் தெம்பு வந்தது. தெம்பு வந்தால் சும்மா இருப்பேனா? ஒரு பாட்டின் நடுவில் இரண்டு எட்டு முன்னால் நடந்தேன். கால் வயரை மிதித்தது. கிட்டாரில் சொருகியிருந்த முனை பாதி கழன்று, இரண்டு பெரிய ஸ்பீக்கர்களிலும் சர்ர்ர்ர் என்று சீறியது. முழுசாகப் பிடுங்கிக்கொண்டு வந்ததும் டொம் என்று ஒரு சத்தம்.

கண் மூடித் திறப்பதற்குள் பொட்டல் காலி. ஒரு அலறல் இல்லை, ஒரு கூப்பாடு இல்லை. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, செருப்பை அப்படியே போட்டுவிட்டு, புகை துரத்தாதபடி காற்று வருகிற திசையைப் பார்த்து ஓடிவிட்டார்கள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு ஊரில் என்றால் மைக் செட்டுக்காரனைத் திட்டியிருப்பார்கள். திரியின் சீறலோடு தினமும் புழங்குகிறவர்களுக்கு அந்த இரண்டு சத்தமும் அடுத்தடுத்து வந்தால் ஒரே அர்த்தம்தான், வெடி விபத்து. வேலை இல்லாத நாள் என்பது அவர்களுடைய கால்களுக்குத் தெரியவில்லை. மேடையில் நாங்கள் மட்டும் மரம் மாதிரி நின்றோம்.

தூரத்தில் ஒவ்வோர் அறைக்காரரும் தங்கள் ஆட்களைக் கூப்பிட்டுச் சரிபார்த்தது கேட்டது. புகை இல்லை, நெடி இல்லை. ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அப்புறம் யாரோ ஒரு அம்மா சிரிக்க ஆரம்பித்தார். அது பொட்டல் முழுக்கப் பரவியது. அவரவர் செருப்பைத் தேடிக்கொண்டே திரும்பி வந்தார்கள். கம்பெனி ஃபோர்மேன் மட்டும் சிரிக்காமல் நேராக மேடைக்கு வந்தார். தலைவர் கீபோர்டை விட்டு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். இத்தோடு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

“எதுல இருந்து வந்துச்சு அந்தச் சத்தம்?” என்றார் ஃபோர்மேன்.

கழன்று கிடந்த வயரையும் கிட்டாரையும் காட்டினேன்.

அவர் கிட்டாரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “கிட்டாரா? கிட்டாரு நல்லாத்தான வாசிச்சுக்கிட்டு இருந்தீக, பாய். பெறகு எதுக்கு நடுவுல வெடிய வாசிச்சீக?”

பின்னால் நின்ற சனம் கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிட்டார் நல்லாத்தான் இருந்தது என்று சனத்தில் ஒருத்தர், அதுவும் கோபத்தோடு வந்த ஒருத்தர், தலைவரின் காது கேட்கச் சொல்லிவிட்டார். நான் தலைவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து வயரை எடுத்தார்.

“வயர மொதல்ல தோள் பட்டையில ஒரு சுத்து சுத்திட்டுச் சொருகுலே. மிதிச்சாலும் புடுங்காது” என்றார். பிறகு கீபோர்டுக்குப் போய் உட்கார்ந்து, “அடுத்த பாட்டு” என்றார்.

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மிச்சக் கச்சேரி முழுக்க நான் இடத்தை விட்டு நகரவில்லை. திருகின் மேல் கை போகும்போதெல்லாம் முன் வரிசையில் நாலைந்து பேர் அரைகுறையாக எழுந்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

திருகு கிட்டார் மரக் கிட்டாருக்கு ஈடா என்று கேட்டால் இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அந்த விலா அதிர்வுக்கு எந்தச் சில்லும் வராது. பெருநாள் லீவில் மண்டி பூட்டியிருக்கும்போது பழையதை எடுத்து நெஞ்சில் சாய்த்து வாசிப்பேன். மற்ற நாளெல்லாம் மேடைக்கும் வீட்டுக்கும் புதியதுதான்.

மழைக்காலம் முடிவதற்குள் விரல்கள் மூடிக்கொண்டன. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். மீன் ஆனம். தட்டுக்குப் பக்கத்தில் வழக்கம்போல் கரண்டி இருந்தது. அதைத் தொடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு கையைச் சோற்றில் வைத்துப் பிசைந்தேன். எரியவில்லை. இன்னொரு தடவை, விரல் நுனி வரைக்கும் அழுத்திப் பிசைந்தேன். ஆனத்தின் சூடு மட்டும்தான் தெரிந்தது. நான் அள்ளி அள்ளிச் சாப்பிடுவதை மனைவி நின்று பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஆனம் ஊற்றிவிட்டு, கரண்டியை எடுத்துக் கழுவித் துடைத்து சீனி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.