மலைக்காரங்களுக்கு நிக்கறது ஒரு கஷ்டமா?

காலைல சித்தேரியிலிருந்து அரூர் வர்ற பஸ். நிக்கவே எடமில்ல.

மலைக்கார அம்மா ஒருத்தங்க, கணுக்கால்ல கட்டோட, கம்பியப் புடிச்சு நின்னுட்டிருந்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறாங்களாம். சீட்டுல இருந்த வெள்ளை வேட்டிக்காரர்கிட்ட, "கொஞ்சம் எடம் குடுங்க, காலு வீங்கிக் கெடக்குது"ன்னாங்க.

அவர் நகரல. "தெனம் மலை ஏறி எறங்கறவங்க நீங்க. நிக்கறதெல்லாம் உங்களுக்கு ஒரு கஷ்டமாங்க?"

அந்தம்மா திரும்பவும் கம்பியப் புடிச்சுக்கிட்டாங்க. நாலஞ்சு பேரு சிரிச்சோம்.

அடிவாரத்துல டயர் பஞ்சர். அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்தா வேற பஸ் கெடைக்கும்னாரு கண்டக்டர். எல்லாரும் நடந்தோம்.

வேட்டிக்காரர் நூறு அடி தாண்டல. முட்டியப் புடிச்சுக்கிட்டு ரோட்டோரக் கல்லுல உக்காந்துட்டாரு. "முடியலைங்க."

பின்னாடி நொண்டிக்கிட்டே வந்த அந்தம்மா, நின்னு குனிஞ்சு கேட்டாங்க: "ரொம்ப வலிக்குதுங்களா?"

கிண்டல் இல்லைங்க. நெஜமாவே கேட்டாங்க.

மலையில அத்தனை வளைவும் பஸ்ல எறங்கி வந்தோம். அந்த ஒரு கேள்விய அவங்ககிட்ட யாருமே கேக்கல.

அந்த பஸ்ல எனக்கும் ஜன்னல் சீட்டு இருந்துச்சு, நானும் எந்திரிக்கல. திட்டறவங்க கீழ கமெண்ட்ல திட்டலாம்.