இரண்டு விரலில் தூக்கும் அணுகுண்டு

பையின் பிடி எப்போது அறும் என்று பார்ப்பதுதான் அமிர்தவள்ளியின் வேலை. மாதனூர் பக்கத்துத் தோல்பை கம்பெனியில் பத்தொன்பது வருடமாக அதையே செய்கிறாள். ஏற்றுமதிக்குப் போகும் பெட்டியில் பதினைந்து கிலோ மணலைப் போட்டு மாட்டினால், இயந்திரம் ஐயாயிரம் தடவை தூக்கி இறக்கும். தையல் எங்கே விடுகிறது, ரிவெட் ஆணி எங்கே நெளிகிறது என்று பார்த்து எழுதுவாள். பத்தாவதில் தோற்றவள். ஆனாலும் கனமான பெட்டியைத் தூக்குகிறவனின் தோள் எப்படிச் சாயும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன ஐப்பசியில் தெரு வாட்ஸப் குழுவுக்கு ஒரு வீடியோ வந்தது. ரஷ்யாவில் முப்பது வருடத்துக்கு முன் காணாமல்போன சூட்கேஸ் அணுகுண்டுகளை ஊர் ஊராக ஒளித்து வைத்திருக்கிறார்களாம். அதில் ஒருவன் பெட்டியை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு படியேறி ஓடுகிறான். மூன்றே நாளில், எதிர்வீட்டு மஹ்பூபியின் கட்டிலுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பெட்டியும் அந்த வகைதான் என்று தெரு முடிவு செய்தது. ஆதாரம், அதை இறக்கிய ஆட்டோக்காரர் "இன்னாம்மா, உள்ள குண்டு கிண்டு வெச்சிருக்கியா?" என்று கேட்டது. மஹ்பூபி கணவனை இழந்தவள், வீட்டிலேயே பர்ஸ் தைத்துப் பிழைப்பவள். அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் துரைசாமி, ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை அமிர்தவள்ளி அங்கே போனாள். துரைசாமி வாசலிலிருந்து பத்தடி தள்ளி நின்றிருந்தார். அணுகுண்டுக்குப் பத்தடி போதும் என்பது அவர் எண்ணம்.

"இன்னாண்ணா, வெடிச்சா வேட்டியாவது தப்பிக்கட்டும்னு தள்ளி நிக்கிறியா?"

"சிரிக்காத அமிர்தம். வீடியோவுல தெளிவா காட்டறான்."

"அவன் தோளைப் பாத்தியா? துளிகூட சாயல. அது காலிப் பொட்டி. அமெரிக்காக்காரன் அந்தக் காலத்துல சிப்பாய் முதுகுல கட்டிவிடச் செஞ்ச குட்டி குண்டே உறையோட அறுபத்தெட்டு கிலோவாம். தேடிப் படிச்சேன். சூட்கேஸ் குண்டு காணாம போச்சுன்னு சொன்னவன் இருக்கான், கண்ணால காட்டினவன் ஒருத்தனும் இல்ல. அப்படியே ஒண்ணு இருந்தாலும் பராமரிப்பு இல்லாம முப்பது வருசம் தாங்குமா? ஆறு மாசம் ஓட்டலைன்னா உன் கெணத்து மோட்டாரே ஓடாது."

"அப்ப அந்தப் பொட்டி ஏன் அவ்ளோ வெயிட்டு?"

அமிர்தவள்ளி உள்ளே பார்த்துக் கேட்டாள். "மஹ்பூபி, தொறந்து காட்டுன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

"கேட்டாதானே அக்கா காட்டறது."

பெட்டி திறந்தது. உள்ளே பதினாறு டைகள், தோலைப் பர்ஸ் அளவுக்கு வெட்டும் எஃகு அச்சுகள். அவள் கணவன் நடத்திய பட்டறையில் மிஞ்சியவை. கூலிக்கு வெட்டித் தரும் கடைக்கு அவற்றைத்தான் எடுத்துப்போவாள். அந்தத் தெருவில் பாதிப்பேர் தினமும் கம்பெனியில் டை பிடிக்கிறவர்கள். துரைசாமியோ கட்டிங் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர்.

அவர் உள்ளே வந்து ஒன்றைக் கையில் எடுத்து, ஓரத்தைத் தடவிப் பார்த்து, வைத்தார்.

"சரிம்மா, இருந்துக்க."

"இருந்துக்கறேண்ணா. அதைக் குரூப்புலயும் போட்டுடுங்க," என்றாள் மஹ்பூபி.

"அது எதுக்கு இப்ப?"

"நாளைக்கு வேற ஒருத்தர் வந்து காலி பண்ணுன்னு சொல்லாம இருக்கத்தான்."

அமிர்தவள்ளி வாசலை விட்டு நகரவில்லை. துரைசாமி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, 'பெட்டியில் டைதான். அந்தம்மா இங்கேயே இருப்பார்' என்று தட்டினார். குண்டு வீடியோவை நாற்பத்தொரு பேர் பரப்பியிருந்தார்கள். இதற்கு ஒருவர் மட்டும் கட்டைவிரலைக் காட்டினார், அதுவும் அமிர்தவள்ளி.

மஹ்பூபி கட்டிவைத்திருந்த மூட்டைகளை அவிழ்த்து, தையல் மெஷினை மறுபடி ஜன்னலோரம் தள்ளினாள்.