கிளப் தோற்ற மறுநாள்

நாற்பத்தோரு வயதில் எனக்கு இங்கிலாந்தில் ஓர் ஊர் கிடைத்தது. போய்ப் பார்த்ததில்லை. ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, அந்த ஊர்க்காரர்கள் போன் செய்தால் வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் கோளாறைக் கேட்டுக்கொண்டு, மெக்கானிக் வர நேரம் குறித்துக் கொடுப்பது என் வேலை. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்த சமயம். கால் சென்டர் என்றால் என்னவென்று நாங்கள் குடியிருந்த விவேக் நகரில் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் டெலிபோன் ஆபீஸில் சேர்ந்துவிட்டதாக நினைத்து, லைன் செத்துப் போயிருக்கிறது, கொஞ்சம் சொல்லிவிடுங்கள் என்று வீடு தேடி வந்தவர்கள் உண்டு.

அதற்கு முன்பு ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருந்தேன். தொழிற்சாலையை மூடும்போது விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் யாருடையது என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கான்வென்ட் இங்கிலீஷ் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் இந்த வேலை கிடைத்தது. கூட இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளைக்காரப் பெயர் சூட்டினார்கள். என் பெயரைக் கேட்ட டிரெயினர், இதுவே போதும் என்று விட்டுவிட்டார். ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் அந்தக் காலத்திலேயே எனக்குக் கால் சென்டர் பெயர்தான் வைத்திருக்கிறார்.

ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. ஒவ்வொரு போனும் முடிந்ததும் ஒரு மெஷின் குரல், பேசியவருக்கு ஐந்துக்கு எத்தனை மார்க் தருவீர்கள் என்று வாடிக்கையாளரைக் கேட்கும். அந்த மார்க்கை வைத்துத்தான் தீர்ப்பு. எனக்கு ஏப்ரல் கடைசியில் கெடு முடிந்தது.

எங்கள் வரிசைக்கு எதிரே ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அந்த ஊரில் இன்று மழையா, குளிர் எவ்வளவு, அந்த ஊர் ஃபுட்பால் கிளப் ஜெயித்ததா தோற்றதா என்று தினமும் எழுதிவைப்பார்கள். போனில் சும்மா இரண்டு வார்த்தை பேசுவதற்கு. கிளப் இரண்டாவது டிவிஷனில் இருந்தது. கடைசி மூன்று இடத்தில் முடிக்கும் டீம்கள் மூன்றாவது டிவிஷனுக்கு இறங்க வேண்டும். பந்து எனக்குப் புதிதல்ல. மர்பி டவுனிலும் எங்கள் பக்கத்திலும் ஞாயிற்றுக்கிழமை என்றாலே டோர்னமென்ட்தான், அதில் அடிதடி இல்லாமல் முடிந்தால்தான் செய்தி. ஆனால் பந்துக்கும் என் சோற்றுக்கும் சம்பந்தம் வரும் என்று நினைத்ததில்லை.

சம்பந்தம் இதுதான். சனிக்கிழமை கிளப் ஜெயித்தால், திங்கட்கிழமை போன் செய்பவர்கள் எல்லாரும் தங்கமான மனிதர்கள். மெக்கானிக் வியாழக்கிழமைதான் வருவார் என்றால்கூட, பரவாயில்லை, போர்வை இருக்கிறது என்பார்கள். கிளப் தோற்றால் அதே மனிதர்கள், பாய்லரை நான்தான் இரவோடு இரவாக வந்து கெடுத்துவிட்டுப் போனது போலப் பேசுவார்கள். மார்க் ஒன்று, இரண்டு என்று விழும். கிறிஸ்துமஸுக்குப் பிறகு கிளப் தோற்றுக்கொண்டே இருந்தது. என் மார்க்கும் அதோடு கைகோத்துக்கொண்டு இறங்கியது.

பயம் வந்தால் எனக்கு மூளை நின்றுவிடும், கால் மட்டும் வேலை செய்யும். கால் நேராகக் கோயிலுக்குப் போயிற்று. வியாழக்கிழமைதோறும் மெழுகுவத்தி ஏற்ற ஆரம்பித்தேன். ஒரு வியாழன் என் மனைவி பின்னாலேயே வந்து நின்றாள்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"ஒரு டீமுக்கு."

"எந்த டீமு?"

"இங்கிலாந்துல. கீழ இறங்கப் பாக்குது."

அவள் கொஞ்ச நேரம் மெழுகுவத்தியைப் பார்த்தாள். பிறகு, அந்த ஊரில் கோயிலே இல்லையா, அவர்கள் ஏற்ற மாட்டார்களா என்று கேட்டாள். மார்க் விவகாரத்தை விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"வேலை நிக்கணும்னு நேரா வேண்டிக்க வேண்டியதுதானே? எதுக்குப் பந்துக்காரனுங்க மூலமா சுத்தி வளைச்சுக் கேக்கறீங்க?"

நியாயமான கேள்வி. ஆனால் பயந்தவன் நேர் வழியில் போய் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அதோடு நிற்கவில்லை. கிளப் தப்பித்தால் வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போடுவதாகவும் நேர்ந்துகொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

சீசனின் கடைசி மேட்ச் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிரா செய்தால் போதும், கிளப் பிழைத்துக்கொள்ளும். சாயங்காலம் மெயின் ரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தேன். ஸ்கோர் காட்டும் பக்கம் திரையில் ஒவ்வொரு வரியாக, மாடிப்படி இறங்கும் வயதானவர் மாதிரி இறங்கி வந்தது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ரிசல்ட்டா சார் என்று விசாரித்தார். ஆமாம் என்றேன். கடைசி பத்து நிமிடத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றார்கள். ஃபெயிலா சார் என்றார். ஃபெயில் என்றேன். அடுத்த அட்டெம்ப்டில் வந்துவிடுவான் என்று தைரியம் சொன்னார்.

மறுநாள் வயிற்று வலி என்று லீவு போட முடிவு செய்தேன். குளியலறையில் வலியில் முனகும் குரலைப் பழகிப் பார்த்தேன். எனக்கு முனகத் தெரியாது, இருமத்தான் வந்தது. வயிற்று வலிக்கு ஏன் இருமுகிறீர்கள் என்று வெளியிலிருந்து மனைவி கேட்டாள். மதியம் கம்பெனி சுமோ வந்ததும் ஏறிவிட்டேன்.

எங்கள் டீம் லீடர் மர்பி டவுன் பெண். வயது இருபத்துநாலு, என்னை அங்கிள் என்பாள். பலகையில் கிளப் விஷயத்தை அழித்துவிட்டு மழையை மட்டும் விட்டுவைத்திருந்தாள். இன்றைக்கு யாரும் ஃபுட்பால் பேச்சை எடுக்கக் கூடாது, நேரம் குறித்தோமா வைத்தோமா என்று இருக்க வேண்டும் என்றாள். முதல் நான்கு போனில் நான் வாங்கியதை இங்கே எழுத முடியாது.

ஐந்தாவது ஒரு கிழவர். பாய்லர் பற்றிக்கொள்ளவில்லை என்றார். திட்டவில்லை. அதுதான் என்னைக் கலக்கிவிட்டது. அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில், வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரே ஒருவர், அவர் குரல்.

துக்கம் விசாரிக்கப் போனால் எடுத்த எடுப்பில் வருத்தம் தெரிவிப்பது நம் வழக்கம் இல்லை. பக்கத்தில் உட்கார வேண்டும். கொஞ்சம் கழித்து, எப்படி ஆச்சு என்று கேட்க வேண்டும். அவர் காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் சொன்னதையே முதல் தடவை போலச் சொல்வார். சொல்லச் சொல்லத்தான் கொஞ்சம் இறங்கும். டீம் லீடர் சொன்னதெல்லாம் மறந்து, நான் இங்கிலீஷில் கேட்டேன், நேற்று எப்படி ஆயிற்று என்று.

அவர் சொன்னார். முதல் பாதியிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டதாம். இரண்டாம் பாதியில் ஒரு கார்னர், கோல்கீப்பர் வெளியே வந்தவன் பந்தைத் தொடவே இல்லையாம். நான், ரொம்ப நாளாகவே இழுத்துக்கொண்டிருந்ததா என்றேன். ஜனவரியிலிருந்தே என்றார். நல்லவர்களுக்குத்தான் இப்படி என்றேன். கூட யார் இருந்தார்கள் என்றேன். மகன் இருந்தானாம், திரும்பும்போது காரில் இருவரும் பேசவே இல்லையாம். ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். நேற்றிலிருந்து டீதான் என்றார். அப்படி இருக்கக் கூடாது, ஒரு ரொட்டியாவது சாப்பிடுங்கள் என்றேன். சரி என்றார். அவர் நன்றி சொல்ல, நான் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல, போனை வைத்தோம்.

வைத்த பிறகுதான் திரையைப் பார்த்தேன். நேரம் குறிக்கும் கட்டம் காலி. பாய்லரை இருவருமே மறந்துவிட்டோம்.

எங்கள் மேஜையிலிருந்து வெளியே போன் செய்ய முடியாது. கிழவர் குளிரில் ரொட்டி தின்றுகொண்டிருப்பது கண்ணில் தெரிந்தது. அதைவிடத் தெளிவாக நான் விவேக் நகரில் வேலையில்லாமல் நிற்பது தெரிந்தது. எழுந்து டீம் லீடரிடம் போய் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். இந்த ஒரு போனை ரிவ்யூவில் சேர்க்காமல் விட முடியுமா என்று கெஞ்சினேன். அவள் ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டாள். 'இழுத்துக்கொண்டிருந்ததா' வந்த இடத்தில் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தேன்.

"அங்கிள், யாரு செத்தாங்கன்னு நெனச்சு பேசினீங்க?"

"எனக்கே தெரியலம்மா."

"உங்க ரிவ்யூ வெள்ளிக்கிழமையே முடிஞ்சுது. கிளப் தோத்து எல்லாருக்கும்தான் மார்க் எறங்குச்சு, அதுல உங்களுது மேல. பர்மனென்ட் பண்ணியாச்சு. இன்னிக்கு சாயந்திரம் சொல்லலாம்னு இருந்தேன்."

வெள்ளிக்கிழமை. அதாவது நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து உயிரை விட்டுக்கொண்டிருந்தபோது என் வேலைக்கு ஆபத்தே இல்லை. நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். அவள் தன் போனிலிருந்து கிழவரின் நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தாள். "பாய்லரைக் கேளுங்க. பாய்லரை மட்டும்."

அவர் எடுத்தார். மெக்கானிக் வர நாளைக் காலை வசதியா மதியம் வசதியா என்று கேட்க வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது, மூக்கை வேறு உறிஞ்சிவிட்டேன். உடனே அவர், இதற்கெல்லாம் இவ்வளவு மனம் உடையக் கூடாது, இதற்கு முன்பும் இறங்கி ஏறியிருக்கிறோம், நீ பார்க்கத்தான் போகிறாய் என்று என்னைத் தேற்ற ஆரம்பித்தார். டீம் லீடர் எதிரே உட்கார்ந்து, சீக்கிரம் என்று கையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதற்கெல்லாம் ஆமாம், ஆமாம் என்று கேட்டுக்கொண்டு, ஒருவழியாக மூச்சு வந்ததும் காலையா மதியமா என்றேன்.

காலை என்றார்.