சிங்காரத்துக்கு நான் நின்ற ஜாமீன்

சிங்காரம் நியூசிலாந்துக்குக் குடியேறப் போகிறான் என்பது எங்கள் குப்பத்தில் நாலே பேருக்குத்தான் தெரியும். அவன், அவன் மனைவி பச்சையம்மா, சின்ன மகள் செவ்வந்தி, நான். நாற்பது வருஷமாக நானும் அவனும் ஒரே படகு. என் வாயில் எதுவும் தங்காது என்று என் பெண்டாட்டியே சொல்லுவாள். அவளிடமே இதைச் சொல்லாமல் வைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு அறுபத்திரண்டு வயது. ஏரித் தண்ணீரில் நின்று நின்று இரண்டு முழங்காலும் போய்விட்டன. பெரிய மகள் நந்தினி அங்கே நர்ஸ். "போதும் நைனா, இனிமே தண்ணில நிக்காத, ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க" என்று ஒரு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். நல்ல விஷயம்தானே, ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொல்ல முடியாது.

ஏரியில் இறால் விழும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். யாருக்கு எந்தப் பாடு, எந்த நாள் என்று வருஷா வருஷம் சித்திரையில் கோயில் முன்னால் சீட்டுக் குலுக்குவோம். கல்யாணமான ஆணுக்குச் சீட்டில் ஒரு பெயர். வெளியூரில் குடியேறிவிட்டால் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள். பெண்ணுக்கு எப்போதுமே பெயர் கிடையாது. இது என்ன நியாயம் என்று எனக்கு ஆத்திரம் வரும், ஆனால் கூட்டத்தில் நான் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. சிங்காரத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. செவ்வந்தியின் புருஷனைக் கடல் கொண்டுபோய் நாலு வருஷமாகிறது. அவளும் இரண்டு பெண்குழந்தைகளும் சாப்பிடுவது சிங்காரத்தின் பெயருக்கு விழும் இறாலில்தான்.

அதனால் ஒரு திட்டம் போட்டோம். மூன்று மாதம் மகளைப் பார்த்துவிட்டு வருவதாக ஊருக்குச் சொல்வது. வெளியூர் போனவனுக்குப் பதில் மாற்றாள் வலை கட்டலாம், அது வழக்கம்தான். நான் கட்டுவேன், இறாலைச் செவ்வந்தி வீட்டில் இறக்குவேன். யாராவது கேட்டால் இதோ வருகிறான், அதோ வருகிறான் என்று ஓட்டிவிடலாம்.

வாழ்நாள் முழுக்கப் போகிறவன் மூன்று மாதத்துக்குப் போகிறவனைப் போல மூட்டை கட்டுவது லேசில்லை. படகை விற்கக் கூடாது, விற்றால் சந்தேகம் வரும். வீட்டைச் செவ்வந்தி பெயருக்கு எழுதவும் முடியாது. பிரஷர் மாத்திரை ஆறு மாதத்துக்கு வேண்டும் என்றாள் நந்தினி. நம்மூர்க் கடையில் அவ்வளவு கேட்டால் ஊருக்கே சேதி போய்விடுமே, மீஞ்சூரில் போய் வாங்கினேன். கம்பளிச் சட்டைகளை அரிசி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தோம். "கருவாடு மட்டும் எடுத்தாராத, ஏர்போர்ட்லயே புடிச்சிப்பாங்க" என்று நந்தினி போனில் சொன்னபோது பச்சையம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஒருநாள் வலையை உதறிக்கொண்டே சிங்காரம் கேட்டான்: "அங்க செத்தா இன்னா பண்ணுவாங்க பூபதி?" எனக்குச் சுருக்கென்றது. "மொதல்ல போய்ச் சேருடா, அப்புறம் சாவலாம்" என்றேன்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் ஒரு போலீஸ்காரர் வந்து கெடுத்தார். விசாவுக்குப் போலீஸ் சான்று கேட்டிருந்தார்கள். விசாரிக்க வந்தவர் நேராக எங்கள் கிராமத் தலைவர் நீலமேகத்திடமே போய், "சிங்காரம் நிரந்தரமா வெளிநாடு போறாராமே, ஆளு எப்படி?" என்று கேட்டுவிட்டார்.

மறுநாள் காலையே கூட்டம். கோயில் வாசலில் நூறு பேர் இருப்பார்கள். நீலமேகம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"சுத்திப் பாக்கப் போறவனுக்குப் போலீசு சான்று இன்னாத்துக்கு சிங்காரம்?"

"விசாவுக்குக் கேட்டாங்க."

"போனா வருவியா, மாட்டியா? வருவேன்னா கற்பூரத்த அணைச்சுச் சொல்லு. உன் பேர்ல யாரும் கை வெக்க மாட்டாங்க."

தட்டில் கற்பூரம் எரிந்தது. சிங்காரம் கையை நீட்டினான். பாதியிலேயே நிறுத்திவிட்டான். அவன் பொய்ச் சத்தியம் பண்ணி நான் பார்த்ததில்லை, அவனுக்கு அது வரவும் வராது. கூட்டத்துக்கு அந்தப் பக்கம் செவ்வந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கற்பூரம் பாதியாகிவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் நானே கற்பூரத்தை அடித்து அணைத்தேன்.

"வருவான். நான் சொல்றேன்."

நீலமேகம் என் பக்கம் திரும்பினார். "சரி பூபதி. அவனுக்கு நீதான் ஜாமீன். சித்திரைச் சீட்டுக்கு அவன் இங்க நிக்கலன்னா, அவன் பேரோட உன் பேரையும் அடிச்சிடுவோம். சம்மதமா?"

தவளை தன் வாயால் கெடும் என்பது பொய்யே இல்லை. என் வீட்டில் ஐந்து பேர் அந்தப் பெயரை நம்பித்தான் இருக்கிறார்கள். அத்தனை பேர் நடுவில் பின்வாங்க முடியுமா? "சம்மதம்" என்றேன்.

கரைக்கு வந்ததும் சிங்காரம் என் சட்டையைப் பிடித்தான். "எதுக்குடா வாயக் குடுத்த?"

"நீ போ. திரும்பி வராத. நான் பாத்துக்கறேன்."

"இன்னாத்தப் பாத்துப்ப?"

நான் வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். விஷயம் தெரிந்து என் பெண்டாட்டி எனக்குச் சோறு போடுவதை நிறுத்தினாள். மகள்தான் போட்டாள்.

தை மாதம் அவர்கள் போனார்கள். நான் அவன் பாடு, என் பாடு இரண்டிலும் வலை கட்டினேன். போனில் படம் வந்தது. அறையில் கட்டில், ஜன்னலுக்கு வெளியே பச்சைப் புல், சிங்காரம் கம்பளிக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிச் சிரித்து வருஷங்கள் ஆகியிருந்தன. பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

பங்குனியில் நந்தினி கூப்பிட்டாள். "மாமா, முட்டிக்கு ஆபரேஷன் பண்ணலாம்னு டாக்டர் சொல்றாரு. நைனா ஊருக்குப் போணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. வருசா வருசம் வந்து போவ என் சம்பளம் தாங்காது மாமா. நீங்க சொன்னா கேப்பாரு. இங்கயே இருன்னு சொல்லுங்க."

சொல்லியிருக்க வேண்டும். போ, திரும்பி வராதே என்று அன்றைக்கு வீறாப்பாகச் சொன்னவன்தானே நான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அவன் இஷ்டம்மா" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

சீட்டு நாள் வந்தது. அதற்கு நாலு நாள் முன்பிருந்தே அவர்களிடமிருந்து போன் இல்லை. கோயில் முன்னால் பானைக்குள் சீட்டைப் போட்டாயிற்று. நீலமேகம் பட்டியலிலிருந்து பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். சிங்காரத்தின் பெயருக்கு இன்னும் பத்துப் பெயர் இருக்கும்போது அக்கரையிலிருந்து ஆள் ஏற்றி வரும் படகு துறையில் வந்து நின்றது. சிங்காரம் ஒரு சின்னப் பையோடு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். அவனுக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை.

"பச்சையம்மா எங்கடா?"

"அவ அங்கியே இருக்கட்டும். இங்க வந்து இன்னா பண்ணப்போறா?"

"நீ ஏன்டா வந்த?"

"வருவான்னு நீ சொன்னியேடா" என்றான்.

அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதேன். பூபதிக்குக் கூட்டாளிமேல் எவ்வளவு பாசம் பார் என்று ஊரே பேசிக்கொண்டது. பாசம் இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் படகிலிருந்து இறங்குவதைப் பார்த்தபோது என் மனசில் முதலில் வந்தது, என் பெயர் தப்பித்தது என்பதுதான்.