வலிக்கு நம்பர் கேட்கும் ஊர்

நான் பிழைக்க வந்திருக்கும் மஸ்கட்டில் வலிக்கு நம்பர் கேட்கிறார்கள். வலியே இல்லையென்றால் பூஜ்யம், உயிர் போகிற மாதிரி இருந்தால் பத்து. கம்பெனி டாக்டர் என்னை அனுப்பிய பிசியோதெரபி கிளினிக்கில், கட்டிலுக்கு எதிரே சுவரில் ஆறு முகங்கள் வரைந்த அட்டை ஒன்று இருக்கும். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும். முதல் நாள் அந்த அட்டையைக் காட்டி, "இதில் நீங்கள் எது?" என்று கேட்டாள் அங்கே வேலை பார்க்கும் ஸமீரா. அவள் ஓமானிப் பெண். என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். ஒரு பெண்பிள்ளை எதிரில் நின்று கேட்கும்போது அழுகிற முகத்தைக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. லேசாகச் சிரிக்கிற இரண்டாவது முகத்தைத் தொட்டேன். "நம்பர்?" என்றாள். "டூ, மேடம்" என்றேன். அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

உண்மையில் அந்த வலி இரண்டு இல்லை. பின்கழுத்தில் பிடித்து, வலது தோளில் இறங்கி, கை வழியாகக் கட்டைவிரல் வரை சுண்டி இழுக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய் யாருடைய விரல்களோ போலிருக்கும். ஒரு நாள் காலை டீ கிளாஸ் கையிலிருந்து நழுவி விழுந்த பிறகுதான் டாக்டரிடமே போனேன். நான் வேலை செய்வது கட்டடம் கட்டும் கம்பெனி ஒன்றின் ஆபீசில். தொழிலாளர்களின் விசா பாரம், லேபர் கார்டு பாரம் எல்லாம் கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டும். இடது பக்கம் பாஸ்போர்ட் விரித்துக் கிடக்கும். குனிந்து அதில் ஒரு எழுத்து, நிமிர்ந்து திரையில் ஒரு எழுத்து. போன் வந்தால் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வேன். திரையும் என் நெஞ்சு உயரத்துக்குத்தான் இருந்தது. பன்னிரண்டு வருடம் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியபோது, உட்கார்ந்து செய்கிற வேலையில் உடம்பு கெடும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எங்கள் பக்கம் உடம்பு வலி என்றால் அது நடவுக்குக் குனிந்தவர்களுக்கும் நெல்மூட்டை தூக்கியவர்களுக்கும்தான்.

ஸமீரா சூட்டு ஒத்தடம் கொடுப்பாள். மோவாயைப் பின்னால் இழுத்துப் பத்து எண்ணச் சொல்வாள். தோள்பட்டைகளை முதுகுக்குப் பின்னால் ஒன்றோடொன்று சேர்க்கச் சொல்வாள். நானும் ஒன்றுவிடாமல் செய்வேன். ஒவ்வொரு முறையும் நம்பர் கேட்பாள், நான் இரண்டு என்பேன். ஆறாவது தடவை போனபோது, அளவு காட்டும் முள் வைத்த இரும்புப் பிடி ஒன்றைக் கையில் கொடுத்து முடிந்தவரை அழுத்தச் சொன்னாள். முள் பாதிகூட ஏறவில்லை. முதல் நாளைவிடக் குறைந்திருந்தது.

"வாய் இரண்டு என்கிறது. கை வேறு சொல்கிறது. நான் எதை எழுத?" என்று தெரிந்த ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டாள்.

நான் சிரித்தேன். கேள்விக்குப் பதில் வராதபோது சிரிப்பது என் பழக்கம். அவளுக்கு முகம் மாறிவிட்டது. கேலி செய்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. "நீங்கள் சொல்கிற நம்பரை வைத்துத்தான் நான் வைத்தியம் செய்கிறேன். இரண்டு என்றால் அடுத்த வாரத்தோடு முடித்து, வேலைக்குத் தகுதி என்று எழுதி அனுப்பிவிடுவேன்" என்றாள்.

அறைக்கு வந்து ரஹீம் பாயிடம் சொன்னேன். பாபநாசம் பக்கத்துக்காரர், துணிக்கடையில் வேலை, என்னோடு ஒரே அறையில் ஒன்பது வருடமாக இருப்பவர்.

"ஏண்ணே, வலிக்கிறது ஒங்க கழுத்து. அதுல அந்தப் புள்ளைக்கு என்ன மரியாத வேண்டிக் கெடக்கு?" என்றார்.

"அதில்ல பாய். அவ்வளவு தூரம் பாடுபடுது. இன்னும் வலிக்குதுன்னா அதுக்கு மனசு கஷ்டப்படாதா?"

"நல்லா இருக்கே! அப்ப கல்யாண வீட்டுல சாம்பார் நல்லாருக்குன்னு சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டு இருக்கீங்க. கை போச்சுன்னா டைப் அடிக்கிறது யாரு, நானா? எனக்கு மீட்டர் துணி கிழிக்கத்தான் தெரியும்."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வேலைக்கு இரண்டு கைகளும் வேண்டும். கை போனால் விசா போகும். ஆனாலும் அன்று என்னை உறுத்தியது அது மட்டும் இல்லை. ஒருவர் கேட்க, ஒருவர் குறைத்துச் சொல்ல, சொன்னதையே எழுதிக்கொண்டு போன காரியம் ஒன்று எங்கள் வீட்டில் முன்பே நடந்திருக்கிறது.

திருப்பனந்தாளுக்குக் கிழக்கே, மண்ணியாற்றுப் பாசனத்தில் பதினோரு மா நிலத்தை, ஏறக்குறைய மூன்றரை ஏக்கர், அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். நிலக்காரர் கும்பகோணத்தில் இருந்தார். குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று அப்போதைய தி.மு.க. ஆட்சி சட்டம் கொண்டுவந்திருந்தது. ஊருக்கு ஊர் சண்டை. பதியச் சொல்லிச் சிவப்புக் கொடிக்காரர்கள் ஒரு பக்கம், பதிந்தால் நிலத்தில் கால் வைக்க விடமாட்டோம் என்று பண்ணைகள் ஒரு பக்கம். விசாரணைக்கு அதிகாரி வந்து பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் எங்கள் நிலக்காரர். எனக்குப் பதினெட்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"இந்தப் பதினோரு மாவ யாருய்யா சாகுபடி பண்றது?" என்று கேட்டார் அதிகாரி.

"ஐயா நெலம்ங்க. நான் சும்மா பாத்துக்கிறேங்க" என்றார் அப்பா.

"குத்தகைக்கா, கூலிக்கா?"

"அது ஐயாவுக்குத் தெரியும்ங்க."

அதிகாரி நல்ல மனிதர். பேனாவை வைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டார். "நல்லா யோசிச்சு சொல்லு. ஒம் பேர எழுதவா, வேணாமா?"

"ஐயா மனசு எப்புடியோ அப்புடிங்க."

பயம் என்று நான் நினைத்தேன். பயம் மட்டும் இல்லை. நான் பிறந்தபோது அம்மாவுக்கு ஜன்னி கண்டது. அவளைக் கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கட்டி அனுப்பியவர் அந்த நிலக்காரர். அவர் எதிரே உட்கார்ந்திருக்க, நான்தான் குத்தகைக்காரன் என்று சொல்ல அப்பாவுக்கு நாக்கு எழவில்லை. குத்தகை இல்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனார். இரண்டு வருடத்தில் நிலம் கைமாறியது. புதிதாக வாங்கியவர் எங்களை நிலத்திலிருந்து இறக்கிவிட்டார். அதே வயலில் அப்பா கூலிக்கு வரப்பு அண்டை வெட்டினார். "ஆமான்னு ஒரு வார்த்த. அது வரலியே இந்த மனுசனுக்கு" என்று அம்மா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற என்னை அவள் ஒன்றும் சொன்னதில்லை. படித்த பிள்ளை நான். நானும்தான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் ஸமீரா நம்பர் கேட்டபோது, எட்டு என்றேன். கையில் பேனாவோடு என்னையே பார்த்தாள். "இன்றைக்கு எட்டா?" என்றாள். "முதல் நாளிலிருந்து எட்டு, மேடம்" என்றேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பழைய தாளை எடுத்து, எல்லா இரண்டுகளையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாள். உடனே டாக்டருக்கு எழுதி ஸ்கேன் எடுக்க வைத்தாள். கழுத்தெலும்புகளுக்கு நடுவிலிருக்கும் டிஸ்க் ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். ஆபரேஷன் இல்லாமல் பார்க்கலாம், ஆனால் மேசையை மாற்றாமல் என்ன பயிற்சி செய்தாலும் வீண் என்று சொன்னாள். திரையைக் கண்ணுக்கு நேராக உயர்த்த வேண்டும், பாஸ்போர்ட்டை நிறுத்தி வைக்க ஒரு தாங்கி வேண்டும், அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்க வேண்டும் என்று கடிதமாகவே எழுதிக் கொடுத்தாள்.

அந்தக் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். எங்கள் மேனேஜர் திருச்சிக்காரர். எனக்கு இந்த வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். நாலாவது நாள் உள்ளே போனேன்.

"என்ன செல்வராஜ், கழுத்து எப்படி? பரவாயில்லையா?" என்றார்.

பரவாயில்லைங்க சார் என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "இல்லைங்க சார். எட்டு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கடிதத்தைக் கொடுத்தேன்.

படித்துவிட்டு, "அரை மணிக்கு ஒரு தரம் நடந்தா பாரத்த யாருய்யா முடிக்கிறது? முடியலன்னா சொல்லு, ஆறு மாசம் ஊருக்குப் போயி ரெஸ்ட் எடு" என்றார். போனால் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"ஊருக்குப் போனா கழுத்து சரியாவாதுங்க சார். மேசைய ஒசத்துனா சரியாயிடும். பாரம் ஒண்ணும் பாக்கி நிக்காது. அதுக்கு நான் ஜவாப்பு" என்றேன். சொல்லிவிட்டு நகரவில்லை. நிற்கிற நேரத்தில் மோவாயைப் பின்னால் இழுத்துப் பத்து எண்ணினேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கடிதத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டார்.

திரைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் தாங்கி வர ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை இரண்டு டைல்ஸ் பெட்டிகள்தான் திரையைத் தூக்கிப் பிடித்தன. பாரம் ஒன்றும் பாக்கி நிற்கவில்லை. எட்டு ஆறாயிற்று, பிறகு நாலு. பயிற்சியை ஒரு நாளும் விட்டதில்லை. ஸமீராவிடம் இப்போது நம்பரைக் கூட்டியும் சொல்வதில்லை, குறைத்தும் சொல்வதில்லை.

போன வெள்ளிக்கிழமை ஊருக்குப் போன் செய்தபோது, "கழுத்து எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள் என் மனைவி தமிழரசி.

"மூணு" என்றேன்.

"என்னது மூணு?"

விவரம் சொன்னேன். முகங்கள் வரைந்த அட்டையையும் சொன்னேன்.

"அப்படிப் பாத்தா எனக்கு முழங்கால் ஏழு இருக்கும்ங்க" என்றாள்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா. நீங்க அங்க தனியா கெடக்குறீங்க, இத வேற சொல்லுவானேன்னுதான்."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நல்லாருக்கோம் என்று சொன்ன குரல்தான் இது. "நாளைக்கே கும்பகோணம் போயி டாக்டருகிட்ட காட்டு. ஏழுன்னே சொல்லணும். நாலு, அஞ்சுன்னு கொறச்சிப்புடாத" என்றேன். "நீங்க ஒருத்தரு" என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து எனக்குக் கழுத்து மஸ்கட்டில் வலிக்கிறது. முழங்கால் ஊரில் வலிக்கிறது.