ஆகஸ்டில் வார்த்த இரும்பு

பழைய கார் வியாபாரிகள் அவரைப் பூதக்கண்ணாடி என்பார்கள். முகத்துக்கு நேரே அல்ல, முதுகு திரும்பியதும். முப்பது வருஷமாக அவருக்கு ஒரே வேலை. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைக் குனிந்து பார்த்து, தொழிற்சாலையில் வைத்த இன்ஜின்தான் உள்ளே இருக்கிறதா, நடுவில் யாராவது வேறு ஒன்றைப் பொருத்திவிட்டார்களா என்று எழுதிக் கொடுப்பது. அசல் என்றால் ஒரு விலை, இல்லையென்றால் அதில் பாதிகூடத் தேறாது. அவர் வாசலில் வந்து நின்றாலே சிலர் விலை பேசுவதை நிறுத்திவிடுவார்கள். ஒருமுறை ஒரு பெரிய மனிதர் வண்டியின் மேல் கை வைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். இவர் தன் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று அவர் குனிந்து நின்றது அக்காவின் வண்டிக்கு முன்னால். மெக்கானிக்காக இருந்த அத்தான் இறந்து இரண்டு வருஷம். அவர் ஆசையாக வைத்திருந்த சிவப்பு வண்டி, இரண்டு பேர்தான் உட்காரலாம். "பிறந்தப்போ இருந்த இதயம் இன்னும் துடிக்குது" என்று பானெட்டைத் தட்டித் தட்டிச் சொல்வார். அக்காவுக்கு இப்போது இடுப்பு மூட்டு மாற்றியாக வேண்டும். வண்டியை விற்றால்தான் அது நடக்கும். "அக்கா வண்டியா இருந்தா என்ன, அந்த ஆள் பொய் எழுத மாட்டார். அவர் கையெழுத்துப் போட்டா போதும்" என்று வாங்க வந்தவர் சொல்லிவிட்டார்.

ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா சாய்வாக உட்கார்ந்திருந்தாள்.

"ஆபரேஷன் முடிஞ்சா என்னையும் இப்படிக் குனிஞ்சு பாப்பியாடா? ஒரிஜினல் இடுப்பு இல்லேன்னு எழுதிக் குடுத்துடாதே."

"உனக்கு வாய் மட்டும் ஒரிஜினல். அதுக்கு நான் கேரண்டி."

வண்டியின் அடிச்சட்டத்தில் இருந்த எண்ணும் இன்ஜினில் குத்தியிருந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன.

"ஒத்துப்போச்சா?"

"ஒத்துப்போச்சுக்கா."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கை நிற்கவில்லை. நீண்ட காம்பு வைத்த சின்னக் கண்ணாடியைப் புகைக்குழாய்க்குப் பின்னால் நுழைத்து, டார்ச் அடித்தார். குத்திய எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண் குத்தலாம். இரும்பை வார்க்கும்போதே புடைப்பாக எழும்பும் தேதியை யாரும் அவ்வளவு சுலபமாகத் தொட முடியாது. வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது மார்ச் மாதம். கண்ணாடியில் தெரிந்தது அதே வருஷத்து ஆகஸ்ட். பிள்ளைக்கு அப்புறம் தாய் பிறந்த கணக்கு.

இன்ஜினில் குத்திய எண்ணை மறுபடி பார்த்தார். ஏழின் கால் நுனி உடைந்திருந்தது. அந்த உடைந்த ஏழு அவருக்குத் தெரிந்ததுதான். அத்தானின் பட்டறையில் எண் குத்தும் அச்சுகள் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். அதில் ஏழாம் எண் அச்சைக் கீழே போட்டு நுனியை உடைத்தவர் இவர்தான், இருபத்துமூன்று வயதில்.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. இந்த வண்டியின் பழைய ஆயிலை வடித்துவிட்டு, புது ஆயில் ஊற்ற மறந்து, இவர் இன்ஜினை ஓடவிட்டார். இரும்பு கத்திய அந்தச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. கிட்டே போய்ப் பார்க்கத் துணிவில்லை. அத்தான்தான் குனிந்து பார்த்தார். "பேரிங்தான்டா போயிருக்கு. நீ போய்ச் சாப்பிடு" என்றார். மறுநாளே இவரைச் சாமான் வாங்கிவர வெளியூர் அனுப்பினார். பதினைந்து நாள் கழித்து வந்தபோது இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பெரிதாக எதையும் கெடுத்துவிடவில்லை என்ற தைரியத்தில்தான் இவர் தொழிலில் நிலைத்தார். அந்தத் தைரியத்தை அத்தான் வேறு இன்ஜினை வைத்து, அதில் திருட்டு எண் குத்தி வாங்கித் தந்திருக்கிறார்.

பொய்யை அன்பு என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவர் எழுதித் தரும் சான்றிதழில் அன்புக்குக் கட்டம் கிடையாது. அசல், அசல் அல்ல என்று இரண்டே கட்டம். முதலாவதில் குறியிட்டால் இதுவரை அழவைத்த ஒவ்வொருவருக்கும் அவர் துரோகி. இரண்டாவதில் குறியிட்டால் அக்காவுக்கு நடை இல்லை, அத்தானுக்குப் பேர் இல்லை. பேனா இரண்டாவதற்குப் போனது. இதை நேர்மை என்று சொல்ல முடியவில்லை. வேறு மாதிரி எழுத அந்தக் கைக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அக்கா தாளை வாங்கிப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"உங்கத்தான் பொய் சொல்ற ஆள் இல்லையேடா."

"எனக்காகச் சொல்லியிருக்கார்க்கா. இன்ஜினைக் கெடுத்தது நான்தான்." நடந்ததை முழுசாகச் சொன்னார்.

அவள் தாளை நான்காக மடித்து மடியில் வைத்தாள்.

"ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் நோண்டிப் பாத்தியே. இதை ஏன்டா ஒரு தடவைகூடப் பாக்கல?"

"அத்தான் வார்த்தை இருக்கும்போது எதுக்குன்னு..."

"இன்னிக்கும் அப்படியே இருந்திருக்கலாம்ல?"

அவர் டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் பைக்குள் வைத்தார்.

அவள் தடியை ஊன்றி எழுந்து, வண்டியின் உறையை இழுத்துப் போர்த்தப் பார்த்தாள். குனிய முடியவில்லை. அவர் மறுமுனையைப் பிடிக்க, இரண்டு பேரும் சேர்ந்து மூடினார்கள். பையை எடுத்துக்கொண்டு தெருவாசல்வரை வந்து, ஒரு நிமிஷம் நின்றார். எத்தனை சண்டை போட்டாலும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்கிறவள் அவள். வீட்டுக்குள்ளே தடியின் சத்தம் சமையலறைப் பக்கம் மெல்ல நகர்ந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது, சாப்பிடக் கூப்பிடும் குரல் வரவில்லை.