வேலிக்கு மேலால் வந்த போத்தல்

மொன்றியலில் வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மீன் பொரிப்பது வீட்டுக்குப் பின்னால், காஸ் அடுப்பில். உள்ளே பொரித்தால் குளிர்கோட்டெல்லாம் மணக்கும். போன கோடையில் பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் ஒரு வெள்ளை வைன் போத்தலை நீட்டினார். தெற்குப் பிரான்சின் பிக்புல் என்றார். மீன், நண்டு, இறாலுக்கு நல்ல தோதாம்.

ஏழு வருசமாக ‘போன்ஜூர்’ தவிர ஒன்றும் கதைக்காத மனுசன் சும்மா தருவாரா?

“மணம் தாங்கேலாமல்தான் தந்திருக்கிறார். பேந்து முறைப்பாடு வரும், இருந்து பாருங்கோ,” என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஆனாலும் திறந்தோம். தேசிக்காய் பிழிந்தது போலப் புளிப்பு, கடைசியில் மெல்லிய உப்பு. பொரித்த அறக்குளா மீனுக்கு அச்சாவாய் இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. இவ்வளவு நல்லதை ஒருவர் காரணமில்லாமல் கொடுக்கமாட்டார்.

அடுத்த வெள்ளி அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கிழவரிடம் என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டுவிட்டேன்: “மீன் மணம் உங்களுக்குக் கரைச்சலோ?”

அவர் சிரித்தார். “ஏழு வருசமாய் மணம் மட்டும்தானே வருகுது.”

தெருமுனைத் தமிழ்க் குடும்பத்துக்கு வெள்ளிதோறும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு தட்டு மீன் போகும். அது அவருடைய வாசலைத் தாண்டித்தான் போகும்.